பிக் பெண்ட்: ஆறு, கேன்யன், சிகரம், பழைய மேய்ச்சல் பண்ணைகள் – முழுமையான பயண வழிகாட்டி

டெக்சஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் தென்கிழக்காக ஓடிவரும் ரியோ கிராண்டே ஆறு, ஓரிடத்தில் வடகிழக்காகத் திரும்பிவிடுகிறது. அந்தப் பெரிய வளைவுக்குள் அடங்கிய நிலம்தான் பிக் பெண்ட். ஆற்றின் இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை மெக்சிகோ. 1944 ஜூனில் தேசியப் பூங்காவாக ஆன இந்த இடத்தின் பரப்பு 8 லட்சம் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். அதற்கு முன் இங்கே பெரும்பகுதி மாடும் ஆடும் மேய்ந்த பண்ணை நிலம்.

ஆஸ்டினிலிருந்து காரில் ஏழெட்டு மணி நேரம், ஹூஸ்டனிலிருந்து ஒன்பது பத்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு வரும் பலரும் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் பத்து, இரண்டு நாள். நடுமதியத்தில் ஆற்றோரம் போய் வெயிலில் வாடி, மாலை மலையேறத் தெம்பில்லாமல் திரும்புகிறார்கள். இந்த நிலத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீரும் உயரமும்தான். மரம் எங்கே நிற்கிறது, பண்ணைக்காரர் எங்கே வீடு கட்டினார், கரடி எங்கே திரிகிறது, நாம் எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த இரண்டிலிருந்தே வருகிறது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. அங்குள்ள பலகைகளில் மைலும் அடியுமே இருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

படி 1: நிலத்தை மூன்று தட்டாகப் பாருங்கள்

கீழ்த்தட்டு ஆறு. ரியோ கிராண்டே வில்லேஜ் பக்கம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 அடிதான். நடுத்தட்டு சிவாவா பாலைவனம். மேல்தட்டு சிசோஸ் மலை. அதன் உச்சியான எமரி சிகரம் 7,825 அடி. அமெரிக்காவில் ஒரு மலைத்தொடர் முழுக்க ஒரே தேசியப் பூங்காவுக்குள் அடங்கியிருப்பது இங்கே மட்டும்தான்.

ஆயிரம் அடி ஏறினால் சுமார் 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். ஆற்றோரம் 100 டிகிரி கொதிக்கும்போது மலை நடுவில் இருக்கும் சிசோஸ் பேசினில் 80-தான் இருக்கும். மழையும் அப்படியே. ஆற்றோரம் ஆண்டுக்கு 25 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தால் மலையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெய்கிறது. அதனால்தான் கீழே முள்ளும் கள்ளியுமாக இருக்கும் நிலம், மேலே ஓக்கும் பைனுமாக மாறிவிடுகிறது.

கீழே இருக்கும் செடிகளில் சில உங்களுக்குப் பழக்கமானவையாகத் தெரியும். மெஸ்கீட் மரம் நம் ஊர் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. சப்பாத்திக்கள்ளியும் வேலியோரத்து ஆனைக்கத்தாழையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்தவை. நம் ஊரில் ஏரியையும் கண்மாயையும் அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலத்தின் உறவான மெஸ்கீட், இங்கே தன் சொந்த மண்ணில் அளவாக, ஓடைக் கரைகளில் நிற்பதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் தேங்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், மார்ச் மாத ஸ்பிரிங் பிரேக் மூன்றிலும் கூட்டம் நெரியும். பள்ளி விடுமுறையை நம்பியிருக்கும் குடும்பமானால் ஆறு மாதம் முன்பே தங்க இடம் பதிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் ஜனவரி பிற்பாதியும் நவம்பர் முற்பாதியும்தான் மிகச் சிறந்தவை.

மே, ஜூன் வேண்டாம். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆற்றோரம் 110 டிகிரியைத் தாண்டும். 2023 ஜூனில் மருஃபோ வேகா என்ற பாதையில் நடக்கப்போன ஒரு 14 வயதுச் சிறுவன் வெயில் தாளாமல் இறந்தான். உதவி தேடி ஓடிய அவன் வளர்ப்புத் தந்தையும் உயிரோடு திரும்பவில்லை. அன்று அங்கே 119 டிகிரி, அதாவது 48 செல்சியஸ். அந்தப் பாதையில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள் என்ற தைரியம் இங்கே உதவாது. காற்று வறண்டிருப்பதால் வியர்ப்பதே தெரியாமல் உடம்பு நீரை இழந்துவிடும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். இடியும் திடீர் வெள்ளமும் உண்டு. ஆனால் மலை பச்சையாக இருக்கும். மதியத்துக்கு முன் நடையை முடித்துக்கொள்ள முடிந்தால் வரலாம்.

படி 3: தங்குமிடம், வழி, கையில் இருக்க வேண்டிய தாள்கள்

பூங்காவுக்குள் கார் போகும் முகாம்கள் மூன்று: மலையில் சிசோஸ் பேசின், கிழக்கில் ரியோ கிராண்டே வில்லேஜ், மேற்கில் காட்டன்வுட். வெளியே தங்க விரும்பினால் மேற்கு வாசல் பக்கம் டெர்லிங்குவா, ஸ்டடி பியூட் ஊர்கள். சிசோஸ் பேசினில் பழைய லாட்ஜை மாற்றிக் கட்டும் பெரிய வேலைத் திட்டம் இருப்பதால் மலைச்சாலை நீண்ட காலம் மூடப்படலாம். பதிவு செய்யும் முன் பூங்காவின் இணையதளத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மலை மூடியிருந்தால் திட்டமே மாறிவிடும்.

விமானத்தில் வருகிறவர்கள் மிட்லண்டில் இறங்கிக் கார் எடுப்பது வசதி. அங்கிருந்து நாலு மணி நேரம். எல் பாசோவிலிருந்து ஐந்து மணி நேரம்.

பூங்காவை விட்டு வடக்கே திரும்பும் சாலைகளில், மாரத்தான் ஊருக்குத் தெற்கேயும் ஆல்பைன் ஊருக்குத் தெற்கேயும் எல்லைக் காவல்படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. குடியுரிமை கேட்பார்கள். விசாவில் இருப்பவர்கள் வீட்டில் எல்லாருடைய பாஸ்போர்ட், ஐ-94 என்ற நுழைவுப் பதிவுத் தாள், வேலை விசா ஒப்புதல் தாள், கிரீன் கார்டு இருந்தால் அது, எல்லாம் அசலாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் படத்தை நம்பி வராதீர்கள். சிக்னல் இல்லாத நாடு இது.

படி 4: வண்டியும் தண்ணீரும் சாப்பாடும்

மாரத்தானிலிருந்து பூங்காவின் தலைமையிடமான பேந்தர் ஜங்ஷன் 70 மைல். நடுவில் எதுவும் கிடையாது. மாரத்தானிலோ ஆல்பைனிலோ பெட்ரோல் டேங்கை நிரப்புங்கள். உள்ளே பேந்தர் ஜங்ஷனிலும் ரியோ கிராண்டே வில்லேஜிலும் பங்க் இருந்தாலும் விலை கூடுதல். நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஏறக்குறைய நாலு லிட்டர் தண்ணீர். நடக்கும் நாளில் இது குறைந்தபட்சம். வரைபடத்தில் சுனை என்று போட்டிருந்தால் அது இன்று ஊறுகிறது என்று அர்த்தமில்லை. போன் வரைபடத்தை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, வாசலில் தரும் காகித வரைபடத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் கடைகள் குறைவு. மளிகையை ஃபோர்ட் ஸ்டாக்டனிலோ ஆல்பைனிலோ முடித்துவிடுங்கள். புளியோதரை கட்டிக்கொண்டு வந்தால் முதல் நாளைக்குக் கவலையில்லை. விறகு மூட்டிச் சமைக்க அனுமதியில்லை. கேஸ் அடுப்பு கொண்டுவாருங்கள். இரவில் சாப்பாட்டுச் சாமான் ஒன்றுகூட வெளியே இருக்கக் கூடாது, முகாமில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். காரணம் கருங்கரடி. வேட்டையால் 1940-களுக்குள் இங்கே இல்லாமல் போன கரடிகள், 1980-களின் பிற்பகுதியில் மெக்சிகோ மலைகளிலிருந்து தாமாகவே பாலைவனத்தைக் கடந்து திரும்பி வந்தன. நம் சாப்பாட்டு ருசி கண்ட கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வரும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

படி 5: முதல் நாள், பண்ணைகளின் வழியே ஆற்றுக்கு

மேற்குப் பக்கம் ராஸ் மாக்ஸ்வெல் சாலை என்று 30 மைல் தார்ச்சாலை ஒன்று இருக்கிறது. பூங்காவின் முதல் கண்காணிப்பாளரான ராஸ் மாக்ஸ்வெல் ஒரு நிலவியலாளர், பாறைகளைப் படித்தவர். ஒவ்வொரு திருப்பத்திலும் பாறையின் கதை தெரியும்படியே தடத்தை அமைத்திருக்கிறார். விடிகாலையில் கிளம்பி நேரே ஆற்றுக்குப் போய்விட்டு, திரும்பும்போது பண்ணைகளைப் பாருங்கள். கதை புரிய வேண்டும் என்பதற்காக நான் பண்ணையை முதலில் சொல்கிறேன்.

சாலையின் தொடக்கத்திலேயே சாம் நெய்ல் பண்ணை. சகோதரர்கள் இருவர் 1916-ல் மண்கல் வைத்துக் கட்டிய வீடு. இன்று சுவர்த் துண்டுகள்தான் மிச்சம். ஆனால் அங்கே ஒரு காற்றாலை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. காற்று எழும்போது மேலே இரும்பு கிரீச்சிடும். கீழே குழாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விழும். அந்தச் சொட்டுத் தண்ணீரில் பீக்கன் மரமும் வில்லோ மரமும் நிழல் பரப்பி நிற்கின்றன. நிழலில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அரை மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். சுற்றிலும் பல மைலுக்குக் கண்ணில் படாத பறவைகள் இங்கே வரிசையாக வந்து குடித்துவிட்டுப் போகும். இந்த நாட்டில் ஒரு குடும்பம் பிழைக்க என்ன வேண்டியிருந்தது என்பதை எந்தப் பலகையையும் விட இந்தக் குழாய் தெளிவாகச் சொல்கிறது.

அடுத்து ஹோமர் வில்சன் பண்ணை. 1929-ல் தொடங்கி, சுமார் 28,000 ஏக்கரில் செம்மறியும் வெள்ளாடும் வளர்த்த இடம். சாலையோரப் பார்வை மேடையிலிருந்து கீழே இறங்கினால் புளூ கிரீக் பள்ளத்தில் கல்வீடு முழுசாக நிற்கிறது. வீட்டின் கூரைக்குள் நாணல் அடுக்கியிருப்பதைப் பாருங்கள். பக்கத்தில் கட்டைகளை நட்டு அமைத்த பட்டியும், உண்ணி போக ஆடுகளை மருந்துநீரில் முக்கி எடுத்த தொட்டியும் உண்டு.

இந்த நிலம் எப்போதும் இப்படி மொட்டையாக இருந்ததில்லை. 1885 வாக்கில் ஜி-4 என்ற பெரிய பண்ணை ஆயிரக்கணக்கான மாடுகளை இங்கே ஓட்டி வந்தது. அப்போது இந்தச் சமவெளிகளில் நல்ல புல் இருந்தது. பத்தே ஆண்டில் அந்தப் பண்ணை மூடப்பட்டது. பிறகு சிறு பண்ணைகள் வந்தன. 1940-களின் தொடக்கத்தில் டெக்சஸ் அரசு பூங்காவுக்காக நிலத்தை வாங்கியபோது, பண்ணைக்காரர்கள் 1945 தொடக்கம் வரை மந்தையை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. எப்படியும் கைவிட்டுப் போகப்போகிற நிலம்தானே என்று, தாங்கும் அளவுக்கு மேல் மந்தைகளை விட்டு மேய்த்தார்கள். புல் போனது, மண் பிடிப்பு போனது, மேல்மண்ணை மழை அரித்துக்கொண்டு போனது. மாரத்தான் சாலையில் வரும்போது டோர்னியோ ஃபிளாட் என்ற வெறும் சமவெளியைக் கடப்பீர்கள். அதுவும் ஒரு காலத்தில் புல்வெளிதான். எண்பது ஆண்டுகள் மாடு கால் வைக்காமல் இருந்தும் அங்கே புல் இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

அதற்குள் பண்ணைக்காரர்களை மட்டும் குறை சொல்லத் தோன்றினால், வறட்சியையும் சந்தை விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மழை தப்பினால் மந்தையை விற்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது என்ற நிலையில் வாழ்ந்தவர்கள் அவர்கள்.

படி 6: சாண்டா எலீனா கேன்யன்

சாலையின் முடிவில் தட்டையான நிலத்தில் திடீரென்று ஒரு சுண்ணாம்புக்கல் சுவர் எழும்பி நிற்கும். உயரம் 1,500 அடி. அதில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. அந்தப் பிளவிலிருந்துதான் ஆறு வெளியே வருகிறது. வாய் கிழக்குப் பக்கம் பார்த்திருப்பதால் காலை வெயில் நேரே உள்ளே விழும். சூரியன் உதித்த ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இருங்கள்.

நடை போகவர இரண்டு மைலுக்கும் குறைவு. ஆனால் முதலிலேயே டெர்லிங்குவா ஓடையைக் கடக்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் மணலோ கணுக்கால் அளவுத் தண்ணீரோதான். மேலே எங்கேயாவது மழை பெய்திருந்தால் முழங்காலுக்கு மேல் சேறும் வேகமும் இருக்கும். கலங்கல் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள்; குழந்தைகளோடு வந்தவர்கள் இரண்டாம் யோசனையே செய்ய வேண்டாம். அப்புறம் படிக்கட்டு போல வளைந்து ஏறும் பாதை, பிறகு மெல்ல இறங்கி ஆற்று மட்டத்துக்கே வரும். வழியில் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள், கிளிஞ்சல் படிவங்கள் தெரியும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அந்தக் கடலடிச் சேறுதான் இந்தப் பாறை. பிற்பாடு நிலம் பிளந்து ஒரு பக்கம் மேலே எழுந்தது, மறுபக்கம் தாழ்ந்தது. எழுந்த பக்கத்தை ஆறு விடாமல் அறுத்துக்கொண்டே இறங்கியதில் உண்டானதுதான் இந்தக் கேன்யன். பாதை முடியும் இடத்தில் வலது சுவர் டெக்சஸ், இடது சுவர் மெக்சிகோ.

இங்கே ஓடும் தண்ணீர் பெரும்பாலும் கொலராடோ பனியில் பிறந்த ரியோ கிராண்டேயின் தண்ணீர் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அந்த நீரை நியூ மெக்சிகோவின் எலிஃபண்ட் பியூட் அணையில் தேக்கி வயல்களுக்குத் திருப்பிவிடுகிறார்கள். எல் பாசோவுக்குக் கீழே ஆறு ஏறக்குறைய வற்றிப்போகிறது. பிறகு பிரெசிடியோ ஊரருகே மெக்சிகோவிலிருந்து ரியோ கோன்சோஸ் என்ற துணையாறு வந்து கலக்கிறது. சிவாவா மாநிலத்தின் மேற்கு மலைகளில் பெய்த மழைதான் உங்கள் காலடியில் ஓடுகிறது. 1944-ல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தப்படி, கோன்சோஸ் உட்பட ஆறு துணையாறுகளின் நீரில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 3,50,000 ஏக்கர்-அடிக்குக் குறையக் கூடாது (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர்தான் ஓர் ஏக்கர்-அடி). வறட்சி ஆண்டுகளில் இதில் பாக்கி விழுவதும் சச்சரவு எழுவதும் தொடர்கதை.

வெள்ளம் குறைந்துபோன ஆறு ஒடுங்கியும் வருகிறது. கரையில் சுவர் வைத்தது போல் வளர்ந்திருக்கும் கொறுக்கை நாணலும் உப்புச் சவுக்கும் வெளியிலிருந்து வந்த செடிகள். முன்பு பெருவெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போயிருக்கும் வண்டலை இவை பிடித்து வைத்துக்கொள்கின்றன.

படி 7: இரண்டாம் நாள், சிகரம்

எமரி சிகரத்துக்குப் போகவர பத்தரை மைல், ஏற்றம் சுமார் 2,500 அடி. 1850-களில் அமெரிக்க-மெக்சிகோ எல்லையை அளந்த வில்லியம் எமரியின் பெயர் இது. பேசினிலிருந்து விடியும்போதே கிளம்புங்கள். நடுத்தர வேகத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். கடைசி 25 அடி பாதை கிடையாது. செங்குத்துப் பாறையில் கைவைத்து ஏற வேண்டும். உயரம் கண்டால் தலை சுற்றுகிறவர்கள் பாறையின் அடியிலேயே நின்றுவிடலாம், அங்கேயே காட்சி நிறைவாக இருக்கும். உச்சியில் ரேடியோ கம்பங்கள் நிற்கின்றன.

தெம்பு இருந்தால் பக்கத்துப் பூட் கேன்யன் வழியே திரும்புங்கள், தூரம் கூடும். பனியுகம் முடிந்து சமவெளி வறண்டபோது மலையிடுக்கில் தங்கிவிட்ட சைப்ரஸ், டக்ளஸ் ஃபிர் மரங்கள் அங்கே உண்டு. கொலிமா வார்ப்ளர் என்ற சின்னச் சாம்பல் பறவை அமெரிக்காவில் கூடு கட்டுவது இந்த மலையில்தான். ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஜூன் வரை அதன் குரலைக் கேட்கலாம்.

குழந்தைகளும் பெரியவர்களும் உடன் வந்திருந்தால் எமரியை விட்டுவிட்டு லாஸ்ட் மைன் பாதைக்குப் போங்கள். போகவர 4.8 மைல், ஏற்றம் 1,100 அடி. கொஞ்ச உழைப்புக்கு இவ்வளவு பெரிய காட்சி இந்தப் பூங்காவில் வேறெங்கும் இல்லை. வண்டி நிறுத்த இடம் குறைவு, காலை எட்டு மணிக்குள் நிறைந்துவிடும்.

படி 8: மூன்றாம் நாள், கிழக்குக் கரை

பொகியாஸ் கேன்யனின் வாய்வரை ஒரு சிறு நடை, போகவர 1.4 மைல். அப்புறம் வெந்நீர் ஊற்று. 1909-ல் உடம்பு தேறுவதற்காக இங்கே குடியேறிய லாங்ஃபோர்ட் என்பவர் கட்டிய குளியல் விடுதியின் அடித்தளம்தான் இன்றைய தொட்டி. நீர் 105 டிகிரி ஃபாரன்ஹீட். ஆறு பெருகினால் தொட்டி மூழ்கிவிடும். காலை ஏழு மணிக்குப் போனால் இடம் இருக்கும்.

ஆற்றைப் படகில் கடந்து பொகியாஸ் கிராமத்துக்குப் போகலாம். 2002-ல் மூடிய இந்தக் கடவு 2013-ல் மறுபடி திறந்தது. வாரத்தில் எல்லா நாளும் இல்லை. பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா முத்திரையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் கடக்க வேண்டாம். திரும்பி வருவது சிக்கலாகிவிடும். மாலையில் இந்தக் கரையில் நின்றாலே போதும், எதிரே சியரா டெல் கார்மென் மலைச்சுவர் வெயில் சாய்வதோடு மஞ்சள், ரோஜா, ஊதா என்று மாறும்.

படி 9: நேரம் இருந்தால், படகில்

1899-ல் ராபர்ட் ஹில் என்ற நிலவியலாளர் மூன்று படகுகளோடு பிரெசிடியோவிலிருந்து லாங்ட்ரிவரை சுமார் 350 மைல் இந்தக் கேன்யன்கள் வழியே போய், அவற்றை முதன்முதலாக முறையாகப் பதிவு செய்தார். இன்று டெர்லிங்குவாவில் படகும் வழிகாட்டியும் வாடகைக்குக் கிடைக்கும். அனுபவம் இல்லாதவர்கள் வழிகாட்டியோடு மட்டுமே போங்கள். தனியாகப் போனால் பூங்காவின் அனுமதிச் சீட்டு, ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மலத்தைக்கூடப் பெட்டியில் அடைத்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

படகில் போகக்கூடிய பெரிய கேன்யன்கள் மூன்று: சாண்டா எலீனா, மரிஸ்கல், பொகியாஸ். மூன்றில் நீளமானது பொகியாஸ், 33 மைல். நீரோட்டம் சாது, மூன்று நாலு நாள் மணல்திட்டுகளில் தங்கிப் போகலாம். மரிஸ்கல் பத்து மைல்தான், ஆனால் கரடுமுரடான மண்சாலையில் போய்ச் சேருவதே பாதி நாள். சாண்டா எலீனாவுக்கு, பூங்காவுக்கு மேற்கே இருக்கும் லாஹிட்டாஸ் ஊரிலிருந்து 20 மைல்; கேன்யனுக்குள் நுழைந்த சிறிது தூரத்தில் ராக் ஸ்லைட் என்ற பாறைச்சரிவு ஆற்றை மறிக்கிறது, நீர் அதிகமானால் அது ஆபத்தான இடம். நீர் குறைவான நாட்களில் கேன்யனின் வாயிலிருந்தே எதிர்நீச்சலாகத் துடுப்புப் போட்டு உள்ளே போய், அதே வழியில் மிதந்து திரும்பலாம். முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கிளம்பும் நாள் காலையில் பேந்தர் ஜங்ஷனிலோ படகுக் கடையிலோ அன்றைய நீரளவைக் கேளுங்கள். கோன்சோஸ் பக்கம் மழை, ஆறு ஏறுகிறது என்று சொன்னால் அன்றைக்குப் படகை விட்டுவிட்டு மலைக்குப் போங்கள்.